கார்னார்வன் பள்ளத்தாக்கில் காவி ஊதிய கைகள்

பிரிஸ்பேனில் இருக்கும் நம்மவர்களுக்கு நீண்ட வார இறுதி கிடைத்தால் கோல்டு கோஸ்ட் கடற்கரை. அது அலுத்துவிட்டால் சன்ஷைன் கோஸ்ட். விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்தால் கெய்ர்ன்ஸ். கடலுக்கு முதுகைக் காட்டி, உள்நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் குறைவு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கார்னார்வன் போகப்போகிறோம் என்று எழுதியபோது, "அங்கே என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து நடுப்பகுதியில், மணற்கல் மேட்டுநிலத்தைப் பிளந்துகொண்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது கார்னார்வன் பள்ளத்தாக்கு. பிரிஸ்பேனிலிருந்து டுவூம்பா, ரோமா, இன்ஜூன் வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் ரோமாவில் இரவு தங்கிவிட்டுப் போனோம். வழியெல்லாம் மேய்ச்சல் நிலம், மாடு, மறுபடியும் மேய்ச்சல் நிலம். அப்புறம் திடீரென்று வெள்ளைப் பாறைச் சுவர்கள் எழும்பி நிற்கின்றன.

கூட வந்தவர் அப்பா. சிவகங்கைப் பக்கத்து ஊரிலிருந்து எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் கண்மாய், மடை, கால்வாய் என்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். அவருடைய முழங்காலை நினைத்துத்தான் வழிகாட்டியோடு போகும் குழு நடையில் பதிவு செய்தேன். மற்றபடி பாதை நன்றாகவே போடப்பட்டிருக்கிறது, பலகைகள் இருக்கின்றன, யாரும் தனியாகவே நடந்துவிடலாம். ஆனாலும் இங்கே மட்டும் வழிகாட்டியோடு போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வழி தெரியாமல் போய்விடும் என்பதற்காக அல்ல. பாறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "சரி, கைதானே" என்று ஐந்து நிமிடத்தில் திரும்பி நடந்தவர்களை அன்றைக்கே பார்த்தோம். அவர்கள் அத்தனை தூரம் நடந்து வந்தும் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை.

எங்கள் வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். அந்தப் பக்கத்திலேயே பல காலம் வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அப்பா கடைசிவரை "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். கிளம்பும்போதே வழிகாட்டி ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இந்த இடம் பிட்ஜரா, கரிங்பால் என்னும் பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் வெளியே சொல்லலாம் என்று சம்மதித்த கதைகளைத்தான் தான் சொல்வேன். மற்றதைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன் என்றார். அந்த வார்த்தையிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம், இங்கே குளிர்காலம். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. முதல் ஓடைக் கடப்பிலேயே கால் வைக்கப் போட்ட கற்கள் வழுக்கின. கார்னார்வன் ஓடையை இப்படித் திரும்பத் திரும்பக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். பள்ளத்தாக்கின் கடைசி முகாமான பிக் பெண்ட் வரை போனால் இருபது முறைக்கு மேல் கடக்க நேரும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. வழிகாட்டி ஒவ்வொரு கடப்பிலும் தன் கைத்தடியை அப்பாவிடம் நீட்டுவார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கல்லை ஒருமுறை காலால் அசைத்துப் பார்த்துவிட்டு ஏறுவார்.

முதல் ஒரு மணி நேரம் முழுக்க மரங்கள்தான். உயரமான யூகலிப்டஸ், ஓடைக்கரையில் கார்னார்வனுக்கே உரிய விசிறிப்பனை, அதன் அடியில் குட்டைப் பனைபோலத் தெரியும் சைக்கட் மரங்கள். இந்த சைக்கட்டைப் பற்றி வழிகாட்டி நிறையப் பேசினார். அதன் விதை நஞ்சு. மேய்ச்சல்காரர்களின் மாடுகள் இதைத் தின்று பின்னங்கால் செயலிழந்து விழுந்ததால், மரங்களைத் தேடித் தேடி அழித்த காலம் உண்டு. ஆனால் இங்கே வாழ்ந்த மக்கள் அந்த விதையை உடைத்து, ஓடும் நீரில் நாள்கணக்காக ஊறவைத்து நஞ்சை இறக்கி, மாவாக்கித் தின்றார்கள். பெருங்கூட்டமாகச் சடங்குக்குக் கூடும் நாள்களில் அத்தனை பேருக்கும் சோறு போட்டது இந்த விதைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மலபார் பக்கம் ஈந்துக் காயை இப்படித்தான் பக்குவம் பண்ணித் தின்பார்கள் என்று அப்பா சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டி நின்று, எப்படிப் பக்குவம் பண்ணுவார்கள் என்று விசாரித்துத் தன் சிறு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாசித் தோட்டம் என்கிற பக்கப் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் குளிர் இன்னும் ஒரு படி இறங்கியது. நாலாபக்கமும் பாறை. பாறை முழுக்கப் பாசி, பெரணி. ஒரு விளிம்பிலிருந்து சின்ன அருவி ஒன்று தெளிந்த குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆர்ப்பரித்துக் கொட்டும் அருவி இல்லை இது. ஆனால் அருவியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். சுவர் முழுவதிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

"ஏம்மா, இந்த மாசத்துல மழையே கிடையாதுங்கிற. அப்புறம் இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

அப்பா கேட்ட இந்தக் கேள்விக்கு வழிகாட்டி சொன்ன பதிலில் முழுப் பள்ளத்தாக்கும் அடங்கியிருக்கிறது. மேலே தெரியும் வெள்ளைச் சுவர் 20 கோடி ஆண்டுகளை ஒட்டிய மணற்கல். ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணல் இறுகிக் கல்லானது. அதன்மேல் சுமார் 2.7 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி, கரும்பாறைத் தொப்பி போட்டது. பிறகு தண்ணீர் அந்தத் தொப்பியின் வெடிப்புகளில் இறங்கி, கீழே இருந்த மென்மையான மணற்கல்லை அறுக்கத் தொடங்கியது. மேட்டுநிலத்தில் விழும் மழை மணற்கல்லுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். அடியில் தண்ணீர் புக முடியாத களிப்பாறை அடுக்கை முட்டியதும் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர் வழியாக வெளியே வரும். ஆகவே எங்கள் முன்னால் சொட்டியது எந்த மழையோ. அப்பா சுவரில் களிப்பாறை தொடங்கும் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் கோட்டுக்கு மேலேதான் ஈரம். கீழே காய்ந்த பாறை. "மண்பானை கசியற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பிட்ஜரா மக்கள் சொல்வது வேறு. முண்டகுர்ரா என்னும் வானவில் பாம்பு இந்த ஓடையின் வழியே போனது. தண்ணீருக்குள் மூழ்கியும் எழுந்தும் போன வழியெல்லாம் மணற்கல்லைச் செதுக்கிக்கொண்டே போனது. அப்படி உண்டானதுதான் பள்ளத்தாக்கு. வழிகாட்டி இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். ஒன்றைக் கதை, இன்னொன்றை உண்மை என்று பிரிக்கவில்லை. இரண்டிலும் பாறையை வெட்டியது தண்ணீரில் போனதுதான் என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது.

ஆம்பிதியேட்டர் என்கிற இடத்துக்கு இரும்புப் படிகளில் ஏறி, ஆள் நுழையும் அளவே உள்ள பாறைப் பிளவு வழியாகப் போக வேண்டும். உள்ளே போனால் அறுபது மீட்டர் உயரச் சுவர்கள் சூழ்ந்த வெட்டவெளி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்களோடு வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எதிரொலியைச் சோதித்துக்கொண்டே இருந்ததால் சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம்.

வார்ட்ஸ் கேன்யன் அப்படியல்ல. செங்குத்தான ஏற்றம், கொஞ்ச தூரம்தான், ஆனால் மூச்சு வாங்கும். மேலே அல்ஜான் அருவி என்னும் சிறு அருவி. அதைத் தாண்டினால் வெயிலே படாத குறுகிய இடுக்கு. அங்கே ராஜப் பெரணிகள் நிற்கின்றன. உலகத்திலேயே மிகப்பெரிய பெரணி ஓலைகளில் இதுவும் ஒன்று. ஐந்து மீட்டர் வரை நீளும். அவ்வளவு நீள ஓலையைத் தாங்க உள்ளே கட்டை கிடையாது. காம்புக்குள் நிறைந்திருக்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஓடை வற்றினால் ஓலை சரிந்துவிடும். இந்த நிலப்பகுதி முழுவதும் மழைக்காடாக இருந்த காலத்தின் மிச்சம் இவை. சுற்றிலும் நாடு காய்ந்துபோனபின், இந்த ஒரு இடுக்கில் சுவரிலிருந்து கசியும் தண்ணீரை நம்பித் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்ட் என்னும் சகோதரர்கள் தாங்கள் வேட்டையாடிய விலங்குத் தோல்களைக் கெடாமல் வைக்க இந்தக் குளிர்ந்த இடுக்கைப் பயன்படுத்தியதால் அவர்கள் பெயர் வந்துவிட்டது. அதற்கு முன்னால் என்ன பெயர் என்று கேட்டேன். வழிகாட்டி தலையை மட்டும் அசைத்தார்.

நுழைவாயிலிலிருந்து ஐந்தரை கிலோமீட்டர் போல நடந்தால் ஆர்ட் கேலரி என்று பெயரிடப்பட்ட சுவர். இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கேலரி என்றதும் பார்க்க வருகிறவர்களுக்காக யாரோ மாட்டி வைத்தது என்று தோன்றிவிடுகிறது. 62 மீட்டர் நீள மணற்கல் சுவர், மேலே தொங்கும் பாறைக் கூரை. அதில் செதுக்கல்கள், அச்சு ஓவியங்கள், கையால் வரைந்தவை என்று 2000க்கு மேல். எதிரே மர நிழலில் பெஞ்சுகள். வழிகாட்டி எங்களை முதலில் பெஞ்சில் உட்காரச் சொன்னார். சுவர்ப் பக்கம் கூட்டிப் போகவில்லை. சும்மா பாருங்கள் என்றார்.

முதலில் எனக்குச் சிவப்புக் கறைகள்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எங்கு பார்த்தாலும் கை. பெரிய கை, சின்னக் கை, முழங்கை வரை நீண்ட கை. குழந்தையின் கை ஒன்று தாழ்வாக இருந்தது. இவற்றை யாரும் வரையவில்லை. சுவரில் உள்ளங்கையை ஒட்டி வைத்து, காவிக்கல்லைப் பொடித்துத் தண்ணீரோடு வாயில் வைத்து, கையைச் சுற்றிலும் ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் காவி படாத வெறும் பாறை, கை வடிவத்தில் நிற்கிறது. ஒரு பெரிய கையின் விரல் நுனியில் காவி மிக மெல்லியதாக, பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. மணிக்கட்டுப் பக்கம் திட்டாக அடர்ந்திருந்தது. ஊதியவர் கீழேயிருந்து மேல்நோக்கி ஊதியிருக்கிறார், வாய் மணிக்கட்டுக்கு அருகில் இருந்திருக்கிறது என்று வழிகாட்டி காட்டினார். அதைப் பார்த்தபின் அந்தக் கை எனக்குப் படமாகத் தெரியவில்லை. ஒருவர் நின்றிருந்த இடமும் இன்னொருவர் குனிந்திருந்த இடமும் தெரிந்தன.

சில கைகளில் விரல் குறைந்திருந்தது. வெட்டுப்பட்டதா என்று அப்பா கேட்டார். விரலை மடக்கி வைத்துக்கொண்டு ஊதியது, சைகை மொழியாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம் என்றார் வழிகாட்டி. நாங்கள் எல்லோரும் விரலை மடக்கி, முழங்காலில் கையை வைத்துப் பார்த்தோம். சரியாக அந்த வடிவம் வந்தது.

கைகளுக்கு இடையே கருவிகள். பிடி போட்ட கல் கோடரி, கேடயம், பூமராங். பூமராங்கைக் கண்டதும் அப்பா எழுந்தேவிட்டார். "இது நம்ம வளரியில்ல!" சிவகங்கைச் சீமையில் பிறந்தவருக்கு வேறெதுவும் தோன்றாது. மருது சகோதரர்கள் காலத்து எறி ஆயுதமான வளரியைப் பற்றி அவர் ஐந்து நிமிடம் பேச, நான் மூச்சுவிடாமல் மொழிபெயர்த்தேன். எறிந்தால் திரும்பி வருவதுதான் பூமராங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேட்டைக்கு எறிந்தவை பெரும்பாலும் திரும்பி வராதவை, நேராகப் போய் அடித்து விழுத்துபவை என்று வழிகாட்டி சொன்னார். வளரியும் அப்படித்தான் என்றார் அப்பா. இரண்டுக்கும் உறவு இருக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. கருவியைக் கண்டதும் அப்பாவுக்கு அது யார் கையில் எப்படி இருந்திருக்கும் என்று உடனே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

காவிக்குக் கீழே செதுக்கல்கள். கங்காரு, ஈமு ஆகியவற்றின் கால்தடங்கள், பெண்குறி வடிவங்கள் வரிசை வரிசையாக. செதுக்கியதன் மேலே அச்சு, அச்சின் மேலே இன்னொரு அச்சு. இந்தப் பள்ளத்தாக்கில் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. இதே தேசியப் பூங்காவின் மௌண்ட் மோஃபட் பகுதியில் உள்ள கெனிஃப் குகையை 1960களின் தொடக்கத்தில் ஜான் மல்வேனி அகழ்ந்தபோதுதான், பனியூழிக் காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் மனிதர் வாழ்ந்தார்கள் என்பது முதன்முதலாகக் கரிமக் காலக் கணிப்பால் உறுதியானது. அதுவரை அவர்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் என்றுதான் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மூலையில் வலை போன்ற குறுக்குக் கோடுகள் இருந்தன. அது என்ன என்று கேட்டேன். அதைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமை இல்லை என்றார் வழிகாட்டி. இந்த மலைகளில் இறந்தவர்களை மரப்பட்டையில் சுற்றி, வண்ணம் தீட்டி, பாறைப் பொந்துகளில் வைக்கும் வழக்கம் இருந்தது என்று மட்டும் சொன்னார். அந்தப் பட்டைச் சுருள்கள் பல, பின்னாளில் வந்தவர்களால் எடுத்துச் செல்லப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஆக, இந்தச் சுவர் ஒரு குடும்பப் பதிவேடாகவும் இருக்கலாம், மயானத்தின் வாசலாகவும் இருக்கலாம். எதிரே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த மக்கள் எங்கே போனார்கள்? எல்லோரும் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைக் குழுவில் யாரும் கேட்கவில்லை. கடைசியில் வழிகாட்டியே எடுத்தார். ஆடுமாடுகளோடு குடியேறிகள் வந்தபின் இந்த வட்டாரம் முழுவதும் ரத்தம் ஓடியது. 1857இல் ஹார்னெட் பேங்க், 1861இல் ஸ்பிரிங்ஷூர் அருகே கல்லின்-லா-ரிங்கோ. குடியேறிகள் கொல்லப்பட்டார்கள், பழிவாங்கல் என்று சொல்லிக்கொண்டு அதைப்போலப் பல மடங்கு பூர்வகுடிகளைக் கொன்றார்கள். எஞ்சியவர்கள் பிறகு சட்டத்தின் பெயரால் டாரூம், வூராபிண்டா, செர்போர்க் போன்ற அரசுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1932இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள், வந்து போகிறார்கள், இந்த இடத்துக்காகப் பேசுகிறார்கள். "பண்டைய மக்கள்" என்று இறந்தகாலத்தில் எழுதும் சுற்றுலாக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

திரும்பும் வழியில் பலூன் குகையைப் பற்றிக் கேட்டேன். பள்ளத்தாக்கின் வாசலுக்கு அருகிலேயே, குழந்தைகளும் முதியவர்களும் எளிதாகப் போகக்கூடிய தூரத்தில் இருந்த இடம் அது. கைகளும் கோடரிகளும் ஊதிய சுவர். பார்ப்பவர்கள் தூசி கிளப்பாமல், பாறையைத் தொடாமல் இருக்க, மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் நடைமேடை போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். 2018இல் காட்டுத்தீ வந்தபோது அந்த பிளாஸ்டிக் பற்றிக்கொண்டது. அந்தச் சூட்டில் சுவரும் ஓவியங்களும் நாசமாயின. புல்லும் புதரும் எரிந்து கடந்துபோயிருந்தால் பாறை தாங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எத்தனையோ தீயைத் தாங்கிய சுவர்தானே. காப்பாற்ற வைத்த பொருளே அதை எரித்தது.

இதைக் கேட்டபின் அப்பா வெகுதூரம் பேசாமல் வந்தார். பிறகு, கண்மாய்க்குக் கரை போடுவதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் தண்ணீர் எங்கே முட்டும் என்று கேட்பது எங்கள் வழக்கம், கேட்காமல் போட்ட கரையெல்லாம் உடைந்திருக்கிறது என்றார். வழிகாட்டியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்த மலைகளில் எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம் காற்று அடிக்கும்போது நெருப்பு வைக்க வேண்டும் என்று அறிந்து, அளவாகக் கொளுத்திவந்தவர்கள் இந்த மக்கள். அந்த அறிவைக் கேட்டு வாங்காமல் ஓவியத்தை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார் அவர். எனக்கும் அதே எண்ணம்தான். கூரை போடலாம், வேலி போடலாம், கேமரா வைக்கலாம். முடிவெடுக்கும் இடத்தில் அந்தக் கைகளின் வழிவந்தவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். கோடையில் வெயிலும் வெள்ளமும் இரண்டும் உண்டு. மழை பெய்தால் ஓடை ஏறிவிடும், பாதையை மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். பள்ளத்தாக்குக்குள் செல்போன் எடுக்காது. பெட்ரோலை ரோமாவிலோ இன்ஜூனிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் ஆம்பிதியேட்டரை விட்டுவிடலாம். வார்ட்ஸ் கேன்யனை விடாதீர்கள். பிக் பெண்ட் வரை போய் வந்தேன் என்று கிலோமீட்டர் கணக்குச் சொல்வதைவிட, காலை வெயில் ஏறுவதற்குள் ஆர்ட் கேலரிக்குப் போய்ச் சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து, முதல் கை தெரியும்வரை பொறுத்திருங்கள். சுவரைத் தொடாதீர்கள், ஈரமான விரல் பட்டாலும் காவி உதிரும். வழிகாட்டிக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறை நாள்களில் இடம் கிடைக்காது.